அரக்கோணத்தில் ரயில் பார்ப்பது: ஒலிபெருக்கிக்கு முன்பே தெரிந்துகொள்ள

வேலூர்ப் பக்கம் ரயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் காட்பாடிக்குத்தான் போகிறார்கள். பெரிய ஜங்ஷன், வேலூருக்கு வாசல், அநேகமாக எல்லா எக்ஸ்பிரஸும் நிற்கும். எல்லாம் நின்றுவிடுவதுதான் அதன் குறையும். நிற்கும் வண்டியில் பெயர்ப்பலகையைப் படிக்கலாம், டீ குடிக்கலாம், அவ்வளவுதான். ஒரு வண்டிக்காக இன்னொரு வண்டியை ஓரம் கட்டுவது, சிக்னல் ஒவ்வொன்றாக விழுவது, எது முதலில் போகும் என்று ஊகிப்பது என்று ரயில் போக்குவரத்தின் உள்வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் அரக்கோணம்தான் சரியான இடம்.

காரணம் எளிது. சென்னையிலிருந்து சுமார் 69 கிலோமீட்டர். மூர் மார்க்கெட்டிலிருந்து (சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையம்) வரும் புறநகர் மின்சார ரயில்களில் பல இங்கே முடிகின்றன; சில மட்டும் திருத்தணி வரை போகும். மேற்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் திருத்தணி, ரேணிகுண்டா வழியாக மும்பைப் பாதை. இடது கைப்பக்கம் சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி, ஜோலார்பேட்டை. தெற்கே தக்கோலம், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு. எல்லா ஸ்டேஷனிலும் நின்று வரும் வண்டியும், எங்கும் நிற்காத வண்டியும், 75 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கூட்ஸும் ஒரே யார்டு வழியாகப் போயாக வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது இன்னும் நம்ம ஊர்ப் பக்கம்தான்.

ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" வருவதற்கு முன்பே, எந்த வண்டி எந்த லைனில் வருகிறது என்று ஸ்டேஷனே காட்டிக்கொடுத்துவிடும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் பாயிண்ட், அப்புறம் சிக்னல்

காலை நேரம். சென்னை போகும் மின்சார ரயில் பிளாட்பாரத்தில் நிற்கிறது. கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. உள்ளே "கிராசிங் போட்டுட்டாங்க" என்று முணுமுணுப்பு தொடங்குகிறது. இந்த நேரத்தில் வண்டியைப் பார்க்காமல் பிளாட்பாரத்தின் முனைக்கு வந்து தண்டவாளத்தைப் பாருங்கள்.

தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் ஓரமாக ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் பாயிண்ட் மெஷின். பாதை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே மோட்டார் நாலைந்து வினாடி உறுமும். நாக்குத் தண்டவாளம் நகர்ந்து அடுத்த தண்டவாளத்தோடு ஒட்டும். "டக்" என்று பூட்டு விழும். பூட்டு விழுந்ததை மின்சுற்று உறுதிசெய்த பிறகுதான் அந்தப் பாதைக்கான சிக்னல் நிறம் மாறும். அதாவது காதுக்கு முதலில், கண்ணுக்குப் பிறகு. பாயிண்ட் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கவனித்தால், சிக்னல் மாறுவதற்குச் சில நொடி முன்பே எந்த லைன் தயாராகிறது என்று தெரிந்துவிடும்.

நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் கனத்தில் ஏதாவது சிக்கினாலும் பூட்டு விழாது. அப்படித்தான் அதைச் சோதித்தும் வைப்பார்கள். ஒரு ஜல்லித் துண்டு போதும். மோட்டார் மறுபடி மறுபடி உறுமும், சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். "பாயிண்ட் ஃபெயிலியர்" என்று பயணிகள் காதில் விழுவது இதுதான். ஆள் போய்க் கல்லை எடுக்க வேண்டும். மெஷினே போய்விட்டால் கிராங்க் கைப்பிடியைப் போட்டுக் கையால் திருப்பிப் பூட்டி, காகிதத்தில் அனுமதி எழுதிக் கொடுத்து ஒவ்வொரு வண்டியாகத் தள்ள வேண்டும். பீக் நேரத்தில் இப்படி ஒன்று நடந்தால் வரிசையாகப் பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் தாமதமாகும்.

இனி சிக்னல் நிறங்கள். பச்சை என்றால் முழு வேகம். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக இரு. ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்ததில் நிற்கத் தயாராக இரு. சிவப்புக்கு விளக்கம் வேண்டாம். சிக்னலின் மேலே சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் வரிசையாக எரிந்தால் வண்டி அந்தப் பக்கம் பிரிகிறது, லூப் லைனுக்கோ (வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதை) வேறு பாதைக்கோ போகிறது. வெள்ளை விளக்கு இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் நேர் பாதை. நேர் பாதையில் பச்சை விழுந்து, மின்சார ரயிலுக்கு எதிரே சிவப்பு அப்படியே நின்றால், ஏதோ ஒன்று நிற்காமல் தாண்டப் போகிறது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

சென்னைப் பக்கம் ஆட்டோமேட்டிக் சிக்னல்கள். கம்பத்தில் வெள்ளை வட்டத்தில் கறுப்பாக "ஏ" எழுத்து இருக்கும். இவற்றை யாரும் இயக்குவதில்லை. வண்டி கடந்ததும் தானே சிவப்பாகும், வண்டி விலக விலக மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று தானே ஏறும். ஒரு வண்டி போன பிறகு அந்தச் சிக்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். எத்தனை நிமிடத்தில் மறுபடி பச்சை வருகிறது என்பதுதான் அந்தப் பாதையில் இன்னொரு வண்டியை எவ்வளவு நெருக்கமாக விடலாம் என்பதற்கான அளவு. "ஏ" எழுத்துள்ள சிக்னல் சிவப்பில் மாட்டிக்கொண்டால் டிரைவர் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு, ஊர்ந்து அடுத்த சிக்னல் வரை போகலாம். பகலில் மணிக்கு 15 கிலோமீட்டர், பார்வை சரியில்லாத இடத்தில் 10. நடுவழியில் நின்ற மின்சார ரயில் திடீரென்று நத்தை வேகத்தில் கிளம்புவது இதனால்தான். "ஏ" இல்லாத சிக்னல் சிவப்பாக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் அனுமதி இல்லாமல் நகரவே முடியாது.

மின்சார ரயிலா, மெமுவா

மெமு என்பது புறநகர் எல்லைக்கு அப்பாலும் போகும், தனி இன்ஜின் இல்லாத மின்சார வண்டி. வெளியூர்க்காரர் இரண்டையும் ஒன்றென்று நினைப்பார். பார்த்தவுடன் பிரிக்க மூன்று வழி.

அகலம் முதலாவது. புறநகர் மின்சார ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3.66 மீட்டர், மெமு சாதாரணப் பெட்டி போல 3.25 மீட்டர்தான். கழிப்பறை இரண்டாவது: மெமுவில் உண்டு, மின்சார ரயிலில் கிடையாது. மூன்றாவது மேலே பார்க்க வேண்டியது. மெமுவில் டிரைவர் இருக்கும் முதல் பெட்டியிலேயே மோட்டாரும் பாண்டோகிராபும் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கை) இருக்கும், அதன் பின்னால் மூன்று சாதாரணப் பெட்டி, இது ஒரு தொகுதி. 12 பெட்டி என்றால் மூன்று தொகுதி. பெரும்பாலான மின்சார ரயில்களில் முன்பெட்டியில் டிரைவர் அறை மட்டும் இருக்கும்; பாண்டோகிராப் அடுத்துள்ள மோட்டார் பெட்டியின் மேல் இருக்கும்.

அகலக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிளாட்பாரத்தின் ஓரக்கல் பாதையின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1.67 மீட்டரில் இருக்கும். மின்சார ரயிலின் பாதி அகலம் 1.83 மீட்டர். ஆக, பெட்டியின் உடல் ஓரக்கல்லைத் தாண்டிப் பிளாட்பாரத்தின் மேல் 15 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு வரும். அதற்கு வெளியே படியில் தொங்கும் ஆட்களின் முதுகு, பை, முழங்கை. எக்ஸ்பிரஸ் வரும்போது பழகிய தூரத்தை மின்சார ரயிலுக்கும் வைத்துக்கொண்டு ஓரமாக எட்டிப் பார்ப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

வண்டி எண்ணும் சொல்லும். ஐந்து இலக்கத்தில் முதல் இலக்கம் 4 என்றால் புறநகர் வண்டி. சென்னை மேற்குப் பாதையில் 43 என்று தொடங்கும். 6 என்றால் மெமு. 1, 2 என்றால் தொலைதூர எக்ஸ்பிரஸ். 0 என்றால் ஸ்பெஷல். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணிக்கும், பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் திருவண்ணாமலைக்கும் விடும் கூடுதல் வண்டிகள் அநேகமாக 0-தான். எக்ஸ்பிரஸில் இரண்டாவது இலக்கம் 6 என்றால் தெற்கு ரயில்வேயின் வண்டி, 7 என்றால் தென்மத்திய ரயில்வே. 12, 22 என்று தொடங்கும் சூப்பர்ஃபாஸ்ட்டுகளில் அதே கணக்கை மூன்றாவது இலக்கத்தில் பாருங்கள்: பிருந்தாவன் 12639, லால்பாக் 12607, கோவை எக்ஸ்பிரஸ் 12675.

அரக்கோணத்தில் முடியும் மின்சார ரயில் திரும்புவதையும் ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். இன்ஜின் மாற்றும் வேலை இல்லை. டிரைவர் தன் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடக்கிறார். கார்டு எதிர்த்திசையில் நடக்கிறார். (2022 ஜனவரியிலிருந்து கார்டின் பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர். பிளாட்பாரத்தில் இன்னும் கார்டுதான்.) முன்னால் எரிந்த வெள்ளை விளக்கு அணைந்து சிவப்பு எரியும், பின்னால் சிவப்பு அணைந்து வெள்ளை வரும், நெற்றியில் ஊர்ப்பெயர் மாறும். பிரேக் சோதனை முடிந்து மணியடித்துப் பேசிக்கொண்ட பிறகுதான் கிளம்பும். முன்னால் வந்த வண்டி தாமதம் என்றால் இந்தத் திரும்பும் நேரம்தான் முதலில் சுருங்கும். அதுவும் தீர்ந்துவிட்டால் காலைத் தாமதம் மாலை வரை அதே ரேக்கோடு (பெட்டித் தொடரோடு) சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்ஜினைப் படிப்பது

டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஏ என்றால் ஏசி மின்சாரம், டி என்றால் டீசல், பி பயணிகள், ஜி சரக்கு. இது தெரிந்தால் வாப்-7, வாக்-9 எல்லாம் புரிந்துவிடும். தொலைவிலிருந்தே பிரிக்க எண்ணைப் பாருங்கள்: 22 அல்லது 25 என்று தொடங்கினால் வாப்-4. 302 முதல் 307 வரை, 37, 39 என்றால் வாப்-7. 31, 32, 33, 41, 43 என்றால் வாக்-9. 27, 28 என்றால் வாக்-7. 60 என்று தொடங்கி இரண்டு உடல் ஒட்டியதாக வந்தால் 12,000 குதிரைத்திறன் வாக்-12.

எண்ணுக்குப் பக்கத்தில் அந்த இன்ஜினைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயர் இருக்கும். அரக்கோணத்திலேயே எலக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கிறது. ஏஜேஜே என்பது அதன் குறி, ஸ்டேஷனின் குறியும் அதுதான். ராயபுரத்து வாப்-7, ஈரோட்டு வாப்-4, வாப்-7 இவைதான் இந்தப் பாதையில் அதிகம் கண்ணில் படும் பயணிகள் இன்ஜின்கள். லாலாகூடா, விஜயவாடா என்று வந்தால் ஆந்திர, தெலங்கானாப் பக்கம் சுற்றிவிட்டு வருகிறது.

கண்ணை மூடிக்கொண்டும் பிரிக்கலாம். வாப்-4 பழைய வகை. நிற்கும்போதே உள்ளே குளிரூட்டும் காற்றாடிகள் பேரிரைச்சல் போடும். வாப்-7, வாக்-9 மூன்று ஃபேஸ் மோட்டார். கிளம்பும்போது சுருதி படிப்படியாக ஏறும். வாப்-4 தயாரிப்பு 2015-லேயே நின்றுவிட்டது. பார்க்க ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பெட்டிகளில் நீலம் பெரும்பாலும் பழைய ஐசிஎஃப் வகை, இரண்டு பெட்டிக்கும் நடுவில் பஃபரும் திருகுக் கொக்கியும். சிவப்பு எல்ஹெச்பி வகையில் பஃபர் கிடையாது, நடுவில் ஒற்றைக் கப்ளர். நிறத்தை மட்டும் நம்பாமல் கொக்கியைப் பாருங்கள். எல்ஹெச்பி வண்டியின் கடைசியில் ஜெனரேட்டர் பெட்டி முன்பெல்லாம் காதைப் பிளக்கும். இப்போது இன்ஜினிலிருந்தே மின்சாரம் போவதால் சும்மாதான் வருகிறது. இரைந்தால் அன்றைக்கு ஏதோ சரியில்லை. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட ஆண்டு.

வேகத்தை அளப்பது

ஆப்பை நம்ப வேண்டாம், வாட்ச் போதும். எதிரே ஒரு கம்பத்தைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியின் இணைப்பு கம்பத்தைத் தொடும்போது நேரத்தைத் தொடங்கி, அதிலிருந்து பத்தாவது இணைப்பு கடக்கும்போது நிறுத்துங்கள். எல்ஹெச்பி பெட்டி இணைப்போடு சேர்த்து 24 மீட்டர். ஆகவே 864-ஐ நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். எட்டு நொடி என்றால் 108. ஐசிஎஃப் பெட்டிக்கு 800-ஐ வகுக்க வேண்டும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் 10.7 மீட்டர், அதற்கு 385. பெட்டி எண்ணிக்கை குறைவான வண்டியில் ஐந்து இணைப்பு எடுத்துப் பாதி எண்ணை வகுக்கலாம், ஆனால் அரை நொடிப் பிழை அதில் பெரிதாகத் தெரியும்.

மின்கம்பியைத் தாங்கும் கம்பங்களில் எண்பலகை இருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் வரிசை எண். கணக்கு சென்னையிலிருந்து. ரயிலுக்குள் இருந்து அளக்கிறவர்கள் இந்தக் கம்பங்களைப் பிடித்துக்கொள்ளலாம். கம்ப இடைவெளி இடத்துக்கு இடம் மாறும் (அதிகபட்சம் 72 மீட்டர்) என்பதால் கம்பத்தை எண்ணாமல் கிலோமீட்டர் மாறும் இடத்திலிருந்து அடுத்த மாற்றம் வரை நேரம் எடுங்கள். 36 நொடி என்றால் 100.

கூட்ஸ் வண்டி

பயணிகளுக்கு எரிச்சல், பார்ப்பவருக்கு விருந்து. எந்த ஆப்பிலும் வராது, அறிவிப்பும் கிடையாது. சிக்னலை மட்டும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திறந்த வேகன் 58, 59 வந்தால் பாக்ஸ்-என், பெரும்பாலும் நிலக்கரி. மூடிய வேகன் 42 அளவில் என்றால் பிசிஎன். அரிசி, உரம், சிமெண்ட். உருளை டேங்க் என்றால் பிடிபிஎன், பெட்ரோலியம். ஜன்னல் அடைத்த பழைய பயணிகள் பெட்டி போல வந்தால் என்எம்ஜி, உள்ளே புதுக் கார்கள். செங்கல்பட்டுப் பாதையில் உள்ள வாலாஜாபாத்தில் கார் ஏற்றுகிறார்கள். வாலாஜா ரோடு வேறு, வாலாஜாபாத் வேறு. இதில் குழம்பித் தவறான ஸ்டேஷனில் போய் நிற்பவர்கள் உண்டு.

59 வேகன், இரண்டு இன்ஜின், கார்டு பெட்டி சேர்த்தால் 680 மீட்டர் அளவில் வரும். 75 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்களைக் கடக்க அரை நிமிடத்துக்கு மேல். அதை லூப்பில் ஏற்றினால் பாயிண்ட் மேல் 30 கிலோமீட்டருக்குள்தான் போக வேண்டும். வால் முழுதாக உள்ளே வந்து பாயிண்ட் திரும்பும் வரை பின்னால் வருவது காத்திருக்கும். "கூட்ஸை ஏன் நம்மளுக்கு முன்னாடி விடறான்" என்று மின்சார ரயிலில் கேட்பார்கள். நிறுத்தித் திரும்பக் கிளப்புவதற்கு ஆகும் நேரத்தை நினைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கூட்ஸை விட்டுவிடுவதே பல நேரம் எல்லோருக்கும் லாபம்.

இந்தப் பாதையின் சரக்குகளில் ஊர் மறக்காதது 2019 ஜூலையில் ஓடிய தண்ணீர் ரயில். சென்னையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையில் காவிரித் தண்ணீரை 50 டேங்க் வேகன்களில் ஏற்றி வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். காட்பாடி, அரக்கோணம் வழியாகத்தான் போனது.

எப்போது, எந்த வெளிச்சத்தில்

பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்கு. காலையில் சென்னைப் பக்கம் போகும் வண்டியின் முகத்தில் வெயில் விழும். மாலையில் ஜோலார்பேட்டைப் பக்கம் போவதன் முகத்தில். எதிர்மாறாகப் பிடித்தால் இன்ஜின் கறுப்பு நிழலாகத்தான் வரும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பாதையின் தென்புறம் நில்லுங்கள். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை படமே எடுக்காதீர்கள். வேலூர் வெயிலில் ஜல்லியிலிருந்து எழும் அனல் தூரத்து இன்ஜினை நெளிய வைக்கும்; எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது.

வேகமாக வரும் வண்டிக்கு ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல். ஆனால் மின்சார ரயிலின் நெற்றியில் எல்ஈடியில் ஓடும் ஊர்ப்பெயர் அந்த வேகத்தில் பாதிதான் பதியும். அதற்கு வண்டி நிற்கும்போது 1/200-க்குக் கீழே எடுங்கள். மொபைலில் ஜூம் வேண்டாம். ஃபிளாஷ் எக்காரணம் கொண்டும் வேண்டாம், டிரைவர் கண்ணைக் கூசும். அரக்கோணத்தில் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கேமராவை ரயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காட்பாடிக்கே போவதென்றால் காலை ஏழு முதல் எட்டரை வரை. மைசூர் வந்தே பாரத், சதாப்தி, கோவை எக்ஸ்பிரஸ் மூன்றும் அந்த நேரத்துக்குள் அடுத்தடுத்து மேற்கே போகும். கோயம்புத்தூரிலிருந்து சென்னை போகும் வந்தே பாரத் அதன் பிறகு, நிற்காமலே கடக்கும். இரவில் ஒன்பதரைக்கு மேல் திருவனந்தபுரம், மங்களூர், நீலகிரி, சேரன் என்று வரிசை. நிமிடங்களை அட்டவணை மாறும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரம் முழுக்க இருப்பார்கள். நடைபாதையில் நின்று கேமரா தூக்கி அவர்களை இடறாதீர்கள்.

வாலாஜா ரோடு கூட்டமில்லாத இடம். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து முடிந்தது இங்கேதான். இன்றைக்கு அதைவிட, எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் பறப்பதைப் பார்க்க நல்ல இடம். அடுத்து முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னை ஆற்றுப் பாலம். 2021 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் தூணில் விரிசல் கண்டு பல வண்டிகளை ரத்து செய்தது இந்தப் பாலத்தில்தான். வேலூர் கண்டோன்மென்ட்டில் வண்டிகள் குறைவு. சென்னை பீச்சிலிருந்து அரக்கோணம், காட்பாடி வழியாக வரும் மெமு, இப்போது திருவண்ணாமலை வரை நீட்டியது, அங்கே பார்க்க வேண்டிய ஒன்று.

கோளாறைப் பார்த்தால்

வண்டி கடக்கும்போது ஸ்டேஷன் ஊழியர் பச்சைக் கொடியோடு நிற்பது சடங்கு அல்ல. ஒவ்வொரு சக்கரமாகப் பார்க்கிறார். நீங்களும் அதையே பார்க்கலாம். சக்கரத்தருகே புகையும் ரப்பர் கருகுவது போன்ற வாடையும் வந்தால் பிரேக் கட்டை விடுபடாமல் உரசுகிறது. ஒரு பெட்டி மட்டும் "டொக் டொக்" என்று தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டு போனால் சக்கரம் வழுக்கித் தேய்ந்து ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது. கீழே ஏதாவது தொங்கித் தரையில் பொறி பறந்தால் அது எல்லாவற்றிலும் அவசரம். எதிரே வரும் இன்ஜினில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால், பக்கத்துப் பாதையில் ஆபத்து இருக்கலாம், எதிர் வண்டி நிற்க வேண்டும் என்று அர்த்தம். கடைசிப் பெட்டியில் எக்ஸ் குறியும், எல்வி (கடைசி வண்டி) பலகையும், மின்னும் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி அறுந்து பாதி பின்னால் நிற்கிறதோ என்றுதான் ஊழியர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள்.

மழை இரவில் பாண்டோகிராபில் நீலப் பொறி பறப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் மின்சார ரயிலில் விளக்கும் விசிறியும் ஒரே சமயத்தில் நின்று, வண்டி சத்தமில்லாமல் உருண்டால் இரண்டில் ஒன்று. 500 மீட்டர், 250 மீட்டர் பலகைகள் கடந்து வந்திருந்தால் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்ஷன், சில நொடியில் திரும்ப வரும். பலகை இல்லாத இடம் என்றால் மேல்கம்பியில் மின்தடை. காக்கை கூட்டுக்குக் கொண்டுவந்த கம்பித் துண்டு கூட 25,000 வோல்ட் கம்பியை டிரிப் செய்யும்.

பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். நேரம் முடிந்தால் இன்னொன்று எடுத்துவிடுங்கள். பிளாட்பாரம் சரிவாக இறங்கும் இடத்தைத் தாண்டாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். ஆர்பிஎஃப் காவலர் வந்து கேட்டால் டிக்கெட்டைக் காட்டி என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். டிரைபாட் இல்லாமல் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நோட்டில் எழுத ஆறு கட்டம் போதும்: நேரம், வண்டி எண், இன்ஜின் எண், ஷெட், எத்தனை பெட்டி, எந்த லைன். கோளாறு எதையாவது கண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடும்போதும் இதே தகவல்தான் வேண்டும். "ஒரு பெட்டியில் புகை" என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்தத் திசை, எந்த லைன், இன்ஜினிலிருந்து எத்தனாவது பெட்டி, எந்தப் பக்கச் சக்கரம் என்று சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் நிறுத்தி நேராக அந்தச் சக்கரத்துக்குப் போவார்கள். பக்கத்தில் ஊழியர் யாரும் இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139.